பெரும் வெள்ளைச் சுறா எதிரே வந்தால்: குளிர்கடலில் முக்குளிப்பவருக்கு ஒரு முழு வழிகாட்டி

வெள்ளைச் சுறாவைக் கண்ணால் பார்த்துவிட்ட முக்குளிப்பவர், ஆபத்தின் பெரிய பாதியைத் தாண்டிவிட்டார் என்றே சொல்லலாம். துரத்திப் பிடிப்பதைவிடப் பதுங்கி அடிப்பதை நம்பிப் பிழைக்கும் விலங்கு அது. கீழிருந்து வரும், பின்னாலிருந்து வரும், இரையின் கண் படாத பக்கமாக வரும். நீங்கள் அதன் பக்கம் திரும்பிப் பார்த்த நொடியிலேயே அதன் கணக்கு குழம்பிவிடுகிறது. ஆகவே இந்த வழிகாட்டி சுறாவோடு சண்டை போடுவது பற்றியது அல்ல. பார்க்காமல் விட்டுவிடக்கூடிய இடங்களையும் நேரங்களையும் எப்படிக் குறைப்பது என்பது பற்றியது. ஒரு டைவின் வரிசையிலேயே போவோம்: கிளம்புவதற்கு முன், இறங்கும்போது, அடியில், ஏறும்போது, மேலே வந்தபின்.

இடமும் மாதமும்

வெள்ளைச் சுறா கரையோரக் குளிர்நீருக்கு வருவது கொழுப்பைத் தேடி. சுமார் 3 மீட்டர் வளரும்வரை அதன் சாப்பாடு பெரும்பாலும் மீன்தான். அதற்குமேல் வளர்ந்தவை சீல், கடல்சிங்கம் பக்கம் திரும்புகின்றன. குளிர் அதற்கு ஒரு பொருட்டில்லை. நீந்தும் தசைகளில் உண்டாகும் சூட்டைச் செவுள் வழியே வீணாக்காமல், இரத்தக்குழாய்ப் பின்னல் ஒன்று பிடித்து உடம்புக்குள்ளேயே திருப்பி அனுப்புகிறது. சுற்றியுள்ள நீரைவிட அதன் வயிறு 10 டிகிரிக்கும் மேல் சூடாக இருக்க முடியும். 12 டிகிரி செல்சியஸ் நீரில் உங்கள் விரல்கள் மரத்துப்போகும் நேரத்தில், அது முழு வேகத்தில் இருக்கிறது.

எனவே முதல் வேலை, சீல்கள் எங்கே கரையேறிப் படுக்கின்றன என்று பார்ப்பது. சீல் வரைபடமும் சுறா வரைபடமும் ஏறக்குறைய ஒன்றுதான். வட கலிபோர்னியாவில் ஃபாரலோன் தீவுகள், அனோ நுவேவோ, டொமாலெஸ் முனை ஆகியவை அப்படிப்பட்ட இடங்கள். ஆகஸ்ட் கடைசியிலிருந்து டிசம்பர் வரை பெரிய சுறாக்கள் அங்கே சுற்றும். உள்ளூர்க்காரர்கள் அக்டோபருக்கு 'ஷார்க்டோபர்' என்றே செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் அவற்றில் பல கரையை விட்டுக் கிளம்பி, பாஹா கலிபோர்னியாவுக்கும் ஹவாய்க்கும் நடுவே உள்ள ஆழ்கடல் பகுதிக்குப் போய்விடும். அந்தப் பகுதிக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் 'வெள்ளைச் சுறா கஃபே'. இதில் ஒரு சங்கடம் உண்டு. வசந்தகாலத்தில் அடியிலிருந்து பொங்கி எழும் நீரால் கலங்கிக் கிடக்கும் அந்தக் கடல், அலை அடங்கிக் கண்ணாடிபோலத் தெளிவது இலையுதிர்காலத்தில்தான். டைவுக்கு நல்ல மாதமும் சுறா மாதமும் ஒன்றே. தெளிந்த நீர் உங்களுக்கும் உதவும், அதனால் அந்த மாதங்களை அடியோடு ஒதுக்கச் சொல்லமாட்டேன். யானைச் சீல்கள் படுத்திருக்கும் பாறைகளை மட்டும் ஒதுக்குங்கள்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள கேப் காடில் கதை வேறு விதம். 1972-இல் அமெரிக்கா கடல் பாலூட்டிகளைக் காக்கச் சட்டம் கொண்டுவந்தபின் சாம்பல் சீல்கள் மெல்ல மெல்லப் பெருகின. அவற்றின் பின்னாலேயே கோடையில் சுறாக்களும் வரத் தொடங்கின. தென்னாப்பிரிக்காவின் ஃபால்ஸ் பே இதற்கு நேர் எதிர். அங்குள்ள சீல் தீவைச் சுற்றிக் குளிர்கால விடியற்காலைகளில் சுறாக்கள் நீரைவிட்டுத் துள்ளிச் சீல் பிடிப்பது உலகப் புகழ் பெற்ற காட்சி. இன்று அது அரிதாகிவிட்டது. 2017-இல் அதே நாட்டின் கான்ஸ்பாய் என்ற கடற்கரை ஊர்ப் பக்கம் கல்லீரல் மட்டும் உறிஞ்சப்பட்ட வெள்ளைச் சுறாக்களின் உடல்கள் கரை ஒதுங்கின. 'போர்ட்', 'ஸ்டார்போர்ட்' என்று பெயரிடப்பட்ட இரண்டு ஓர்க்காக்கள் (கொலைத் திமிங்கிலங்கள்) மீதுதான் சந்தேகம் விழுந்தது. அதன்பின் வெள்ளைச் சுறாக்கள் அந்தக் கடற்கரையின் பழைய இடங்களை விட்டு நகர்ந்துவிட்டன. ஐந்து வருடத்துக்கு முந்தைய தகவலை நம்பி இடம் தேர்வு செய்யாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நேரத்தைப் பொறுத்தவரை விடியலும் அந்தியும் வேண்டாம். ஃபால்ஸ் பேயில் வேட்டை உச்சத்தில் இருந்தது சூரியன் எழும் நேரத்தில்தான். வெளிச்சம் ஏறியதும் அதன் வெற்றி விகிதம் குறைந்தது. இத்தனைக்கும் அந்தத் தாக்குதல்களில் சுமார் பாதி தோல்வியில் முடிந்தன. மறைந்து வர முடியாதபோது இந்த விலங்கு தடுமாறுகிறது. இதை மனதில் வையுங்கள், பின்னால் உதவும்.

செத்த திமிங்கிலம் மிதக்கிறது, பக்கத்தில் யாரோ மீன் கழிவு கொட்டுகிறார்கள், ஐந்து மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு டைவ் இல்லை. இதில் விவாதமே வேண்டாம்.

எவ்வளவு பயப்படலாம்?

உலகம் முழுக்கச் சீண்டப்படாமலே சுறா கடித்த சம்பவங்கள் வழக்கமாக ஆண்டுக்கு அறுபது, எழுபது என்ற கணக்கில் பதிவாகின்றன. எல்லா இனங்களும், எல்லாக் கடல்களும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. 2015-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கலிபோர்னியாவை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். கடலில் இறங்குபவர் எண்ணிக்கை பெருகியதையும் கணக்கில் எடுத்தால், 1950-க்கும் 2013-க்கும் இடையே தனி ஒருவருக்கான வெள்ளைச் சுறா ஆபத்து 91% குறைந்திருந்தது. ஸ்கூபா (முதுகில் காற்று உருளையோடு முங்குதல்) போடுபவர் பெண்ட்ஸ் (வேகமாக ஏறும்போது உடம்பில் நைட்ரஜன் குமிழ்கள் உண்டாவதால் வரும் நோய்) வந்து மருத்துவமனைக்குப் போகும் வாய்ப்பு, சுறா கடித்துப் போகும் வாய்ப்பைவிடப் பல ஆயிரம் மடங்கு அதிகம் என்றும் அதே ஆய்வு சொன்னது. தென் கலிபோர்னியாவில் இளம் சுறாக்கள் கூடும் சில கடற்கரைகளை ட்ரோன் மூலம் இரண்டு வருடம் கவனித்து, 2023-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கவனித்த நாட்களில் 97% நாட்கள் மனிதர்களும் சுறாக்களும் ஒரே நீரில்தான் இருந்தார்கள். மனிதர்களில் பலருக்கு அது தெரியவே தெரியாது.

அந்த பெண்ட்ஸ் கணக்கு வெறும் ஆறுதலுக்காக இல்லை. சுறாவைப் பார்த்த பயத்தில் நீங்கள் செய்யும் காரியம் சுறாவைவிட ஆபத்தானது என்பதுதான் அதன் பொருள். ஏறும் கட்டத்தில் இதற்குத் திரும்ப வருவோம்.

என்ன எடுத்துப் போவது

குளிர்நீருக்கான ரெகுலேட்டர் (மூச்சுக் கருவி), 7 மி.மீ. வெட்சூட் அல்லது நீர் புகாத ட்ரைசூட், தலைமூடி, கையுறை எல்லாம் எப்படியும் இருக்கும். தலைமூடி மாட்டினால் கழுத்து சுலபமாகத் திரும்பாது, முகமூடி பக்கப் பார்வையைக் குறைக்கும். இதை உணர்ந்து, உடம்பையே திருப்பிச் சுற்றிலும் பார்க்கும் பழக்கத்தை முன்கூட்டியே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

மின்புலச் சுறா விரட்டிகள் பற்றி எல்லோரும் கேட்பார்கள். சுறாவின் மூக்குப் பகுதியில் உள்ள லோரன்சினி குமிழ்கள் நுண்ணிய மின்புலத்தையும் உணரக்கூடியவை. அவற்றைத் திணறடிப்பதுதான் இந்தக் கருவிகளின் வேலை. தெற்கு ஆஸ்திரேலியாவின் நெப்டியூன் தீவுகளில் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தினர் ஐந்து வகை விரட்டிகளைச் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். மின்புலக் கருவி ஒன்று, சுறா இரையைக் கவ்விய விகிதத்தை 96 சதவீதத்திலிருந்து 40 ஆகக் குறைத்தது. காந்தப் பட்டை, மணமுள்ள மெழுகு போன்றவை பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. நாற்பது சதவீதம் என்றால் பத்தில் நான்கு. கருவி இருக்கிறதே என்று சீல் பாறைக்குப் பக்கத்தில் இறங்குவது முட்டாள்தனம்.

கருவியைவிட முக்கியமான பொருள் படகில் இருக்க வேண்டியது: இரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டும் இரண்டு டூர்னிக்கெட் பட்டைகள், காயத்தில் திணிக்க நிறையத் துணிக்கட்டு, ஆக்சிஜன், வேலை செய்யும் ரேடியோ. அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவர் நீரில் இறங்காமல் படகில் இருக்கவேண்டும்.

இன்னொன்று, இறங்குவதற்கு முன் துணையோடு பேசிக்கொள்ளுங்கள். சுறாவுக்கான சைகை, அதாவது உள்ளங்கையை நெற்றியில் செங்குத்தாக வைப்பது, இருவருக்கும் தெரியுமா? பார்த்தால் முதலில் எங்கே போவது? ஏறுவதை யார் முடிவு செய்வது? இந்த மூன்றும் மேலேயே தீர்ந்துவிட வேண்டும். அடியில் போய்ப் பேச முடியாது.

இறங்குவது

மேற்பரப்பில் மிதந்துகொண்டு கேமராவைச் சரிசெய்வது, முகமூடியைக் கழுவுவது, துணைக்காகக் காத்திருப்பது எல்லாம் கெட்ட பழக்கம். கீழிருந்து பார்க்கும் சுறாவுக்கு, வெளிச்சத்தின் பின்னணியில் கருப்பு நிழலாகத் தெரியும் உருவம் சீலா மனிதனா என்பது தெளிவாக இருக்காது. மக்குவாரி பல்கலைக்கழகம் 2021-இல் வெளியிட்ட ஆய்வு, இளம் வெள்ளைச் சுறாவின் கண்ணமைப்பை வைத்து இதையே காட்டியது. எல்லாக் கடிகளுக்கும் ஆள்மாறாட்டம்தான் காரணம் என்று நான் நம்பவில்லை, அது கொஞ்சம் வசதியான விளக்கம். ஆனால் மேற்பரப்பு நிழல் மோசமான நிழல் என்பதில் சந்தேகமில்லை.

ஆகவே படகிலேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டு, இருவரும் சேர்ந்து, நங்கூரக் கயிற்றையோ கெல்ப் (உயரமாக வளரும் கடற்பாசி) தண்டையோ ஒட்டி நேராக இறங்குங்கள். கரையிலிருந்து போவதானால் நீண்ட தூரம் மேலே நீந்தாமல், ஆழம் கிடைத்ததும் முங்கி அடியோடு போவது நல்லது. காற்று கொஞ்சம் கூடச் செலவாகும், பரவாயில்லை.

அடியில்

பாறை ஒட்டி, தரை ஒட்டி இருப்பவருக்குக் கீழே என்று ஒரு திசை கிடையாது. முதுகுக்குப் பின்னால் பாறை இருந்தால் இன்னொரு திசையும் குறைந்தது. சுறா வர வேண்டுமானால் உங்கள் கண்ணெதிரே வந்தாக வேண்டும். அடியில் இருக்கும் நேரம்தான் டைவிலேயே பாதுகாப்பான நேரம். புதியவர்கள் இதை நேர்மாறாக நினைக்கிறார்கள்.

சரி, ஏதோ ஒன்று வருகிறது. முதலில் அது என்ன? குளிர்நீரில் சுறா என்றாலே வெள்ளைச் சுறா இல்லை. ஏழு செவுள் பிளவுடன், ஒரே ஒரு முதுகுத் துடுப்போடு அடியோரம் மெதுவாகப் போவது ஏழுசெவுள் சுறா. வெள்ளைச் சுறா பீப்பாய்போலப் பருத்தது. கூம்பு மூக்கு, கருங்கண், மேலும் கீழும் கிட்டத்தட்டச் சமமான பிறைவால். பக்கவாட்டில் சாம்பல் நிறமும் வெள்ளையும் கத்தியால் வெட்டியதுபோல ஒழுங்கில்லாத கோட்டில் பிரியும்.

அதுதான் என்று தெரிந்தால், சைகை காட்டுங்கள், துணையின் தோளோடு தோள் சேருங்கள், பாறைக்கோ கெல்ப் அடர்த்திக்கோ முதுகு கொடுங்கள். உடம்பை நிமிர்த்தி, அதன் கண்ணைப் பார்த்தபடி அது போகும் திசைக்கெல்லாம் திரும்புங்கள். கண்ணைப் பார்ப்பது ஏதோ மந்திரம் அல்ல. பதுங்கி வரும் வழி அடைபட்டுவிட்டது என்று அதற்குச் சொல்வது, அவ்வளவுதான். கேமரா இருந்தால் உங்களுக்கும் அதற்கும் நடுவே பிடியுங்கள். படம் எடுங்கள், தப்பில்லை, ஆனால் திரையில் மூழ்கிவிடாதீர்கள். கேமராத் திரைக்குள் இல்லாத சுறா எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

பெரும்பாலும் அது ஒருமுறை அல்லது இரண்டு முறை கடந்து போய்விடும். நிதானமாக, தூரத்தில், ஒரே வேகத்தில் போனால் அது வேடிக்கை பார்க்கிறது. வட்டம் சுருங்குவது, வேகம் திடீரென்று மாறுவது, பக்கத் துடுப்புகள் கீழ்நோக்கி இறங்குவது, வாயைத் திறந்து மூடுவது, மறைந்துவிட்டு வேறு பக்கத்திலிருந்து வருவது ஆகியவை தென்பட்டால் டைவ் முடிந்தது. கையால் தொடப்போவது, துரத்துவது, தானாக விலகிப்போகும் அதன் வழியை மறிப்பது எதுவும் வேண்டாம். கைக்கெட்டும் தூரத்துக்கே வந்துவிட்டால் கேமராவாலோ கம்பாலோ தள்ளுங்கள். கடித்துவிட்டால் மட்டும்தான் அடி: கண்ணிலும் செவுளிலும், முழுப் பலத்தோடு, விடும் வரைக்கும்.

இதற்கிடையே காற்றுமானியைப் பாருங்கள். பயத்தில் மூச்சு வேகமாகும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே முள் இறங்கும். நீளமாக மூச்சை வெளியே விடுங்கள். உள்ளே இழுப்பது தானாக நடக்கும்.

ஏறுவது

மிகவும் கடினமான கட்டம் இது. பாறையை விட்டு நடுநீருக்கு வந்ததும், நீங்கள் அடியில் சம்பாதித்த எல்லா அனுகூலமும் போய்விடுகிறது. கீழே, பின்னால், பக்கத்தில் என்று எல்லாத் திசையும் திறந்து கிடக்கும். மனம் சொல்லும்: மேலே ஓடு. அதைக் கேட்டால் சுறாவால் அல்ல, நுரையீரல் கிழிந்தே சாக நேரலாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்து மீட்டரிலிருந்து மேலே பாய்ந்தால், உள்ளே இருக்கும் காற்று இரண்டு மடங்காக விரிகிறது. அதற்கு நுரையீரலில் இடமில்லை.

எனவே முதலில் காத்திருங்கள். காற்று இருக்கும்வரை அடியிலேயே இருந்து, அது கண்ணில் படாமல் சில நிமிடம் போன பிறகு கிளம்புங்கள். தரை ஏறிக்கொண்டே போகும் இடமாக இருந்தால், தரையோடு ஊர்ந்து ஆழம் குறைந்த பக்கம் போவதுதான் மிக நல்ல வழி. இல்லையென்றால் பாறைச் சுவர், அதுவும் இல்லையென்றால் கெல்ப் தண்டு அல்லது நங்கூரக் கயிறு. இருவரும் முதுகோடு முதுகு சேர்ந்து, மெதுவாகச் சுழன்றபடி ஏறுங்கள். ஒருவர் ஒரு பாதியையும் மற்றவர் மறு பாதியையும் கீழ்நோக்கிப் பார்க்கவேண்டும். வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டர். அவசரம் என்றாலும் 18-ஐத் தாண்டக் கூடாது. மூச்சு ஒரு நொடியும் நிற்கக் கூடாது.

ஐந்து மீட்டரில் மூன்று நிமிடப் பாதுகாப்பு நிறுத்தம் வேண்டுமா? சுறா இன்னும் வட்டமடிக்கிறது, நீங்கள் அழுத்தநீக்கத் (உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற வழியில் நின்று நின்று ஏறுவது) தேவையில்லாத எல்லைக்குள்தான் இருந்தீர்கள் என்றால் அதை விட்டுவிட்டுப் படகேறலாம். மேலே ஆக்சிஜன் இருக்கிறது. சுறா போய்விட்டது என்றால் நில்லுங்கள். கட்டாய அழுத்தநீக்கம் தேவைப்படும் ஆழமான டைவ்களைச் சுறா மாதத்தில் சீல் தீவுகளுக்குப் பக்கத்தில் திட்டமிடாமல் இருப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

மேலே வந்ததும் ஃபின்களை (காலில் மாட்டும் துடுப்புகளை) கழற்றிக்கொண்டு தண்ணீரில் மிதக்காதீர்கள். ஏணியைப் பிடித்தபின் கழற்றுங்கள். ஒருவர் ஏறும்போது மற்றவர் முகமூடியை நீரில் வைத்துக் கீழே பார்க்கட்டும். படகு தூரத்தில் இருந்தால் நீந்தாதீர்கள். மிதவையை ஊதி உயர்த்துங்கள், இருவரும் ஒட்டிக்கொண்டு அசையாமல் கீழே கவனியுங்கள், படகு உங்களிடம் வரட்டும்.

ஈட்டியோடும் அபலோனுக்கும் இறங்குபவர்கள்

மேலே சொன்னவை ஸ்கூபாவுக்கு. மூச்சடக்கி முங்குபவர்களுக்கு நிலைமை கடுமை. ஒவ்வொரு இரண்டு நிமிடத்துக்கும் அவர்கள் அந்த மோசமான மேற்பரப்புக்கும் நடுநீருக்கும் திரும்ப வேண்டியிருக்கிறது. வட கலிபோர்னியாவில் பொழுதுபோக்கு அபலோன் (உண்ணத்தக்க கடல் நத்தை) பிடிப்பு 2018-இல் மூடப்படும்வரை அதற்கு ஸ்கூபா அனுமதி இல்லை. கடிபட்ட முக்குளிப்பவர்களில் அபலோன்காரர்கள் அதிகம் இருந்ததில் வியப்பில்லை. ஆஸ்திரேலியாவில் அபலோன் தொழில் செய்பவர்கள் சிலர் மோட்டார் பொருத்திய கூண்டுக்குள் இருந்தே வேலை பார்த்திருக்கிறார்கள்.

ஈட்டி மீன்பிடிப்பில் துடிக்கும் மீனும் இரத்தமும் சேர்ந்துகொள்ளும். ராட்னி ஃபாக்ஸ் 1963 டிசம்பரில் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்டிங்காவில் கடிபட்டது ஓர் ஈட்டி மீன்பிடிப் போட்டியின்போதுதான். உடம்பில் நானூறுக்கும் மேல் தையல். அவரே பின்னாளில் சுறாக் கூண்டை உருவாக்கிச் சுறாக்களைக் காக்கப் பேசும் ஆளானார். பிடித்த மீனை இடுப்பில் கட்டாதீர்கள், உடனே படகில் ஏற்றுங்கள். சுறா வந்துவிட்டால் மீனை விட்டுவிடுங்கள். அது உங்கள் மீன் இல்லை இப்போது.

கடி நடந்துவிட்டால்

கொல்வது பெரும்பாலும் இரத்தப்போக்கு. பெரிய இரத்தக்குழாய் அறுந்தால் கையில் இருப்பது சில நிமிடங்கள்தான். ஆளைப் படகுக்குள் இழுத்ததும் காயத்தை அழுத்துங்கள். கை, காலில் இரத்தம் பீறிட்டால் காயத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் மேலே, மூட்டின்மேல் படாமல், டூர்னிக்கெட்டை இரத்தம் நிற்கும்வரை இறுக்குங்கள். வலியில் கத்துவார், இறுக்கத்தான் வேண்டும். கட்டிய நேரத்தை எழுதுங்கள், தளர்த்திப் பார்க்காதீர்கள். ஒன்று போதவில்லை என்றால் அதற்கு மேலே இரண்டாவது. இடுப்பு மடிப்பு, அக்குள் போன்ற பட்டை கட்ட முடியாத இடத்தில் துணியைத் திணித்து, உடல் எடையைப் போட்டு அழுத்துங்கள்.

வெட்சூட்டைக் கழற்றாதீர்கள். அது காயத்தை இறுக்கிப் பிடிக்கிறது, சூட்டையும் காக்கிறது. உடம்பு குளிர்ந்தால் இரத்தம் உறைவது தாமதமாகும். படுக்க வைத்து, மூடி, ஆக்சிஜன் கொடுங்கள். வேகமாக ஏறி வந்தவராக இருந்தால் ஆக்சிஜன் அதற்கும் சேர்த்துத்தான். குடிக்க எதுவும் வேண்டாம். ரேடியோ 16-ஆம் அலைவரிசையில் அழைக்கும்போது 'டைவ் விபத்து' என்று மட்டும் சொல்லாமல் 'சுறா கடி, கடும் இரத்தப்போக்கு' என்று சொல்லுங்கள்.

தேடிப்போய்ப் பார்க்க விரும்பினால்

கூண்டுக்குள் போங்கள். நெப்டியூன் தீவுகளில் இன்றும் நடக்கிறது. கான்ஸ்பாயில் இப்போது வெள்ளைச் சுறாவுக்குப் பதில் வெண்கலச் சுறாக்கள்தான் அதிகம் தென்படலாம், முன்பதிவுக்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். தெளிந்த நீருக்குப் பெயர்போன மெக்சிகோவின் குவாதலூபே தீவில் 2023 ஜனவரியிலிருந்து சுறாச் சுற்றுலாவுக்கே தடை. ஃபாரலோன் பகுதியில் 2009 முதல் வெள்ளைச் சுறாவை இரை காட்டி ஈர்ப்பது குற்றம்.

கூண்டில் ஒரே விதி: உடம்பின் எந்தப் பகுதியும் கம்பிக்கு வெளியே போகக் கூடாது. சுறாவால் பின்னோக்கி நீந்த முடியாது. மூக்கு தவறிக் கம்பிகளுக்கு நடுவே மாட்டினால் அது முன்னோக்கித்தான் திமிறும். வெறிபிடித்துத் தாக்குவதுபோலத் தெரியும் பல காட்சிகள் உண்மையில் மாட்டிக்கொண்ட விலங்கின் தவிப்பு. அதன் மூக்கெதிரே இரையை இழுத்து விளையாட்டுக் காட்டும் படகில் இரண்டாம் முறை ஏறாதீர்கள்.

கரைக்கு வந்தபின்

பக்கத்தில் இறங்கவிருக்கும் மற்றவர்களிடம் உடனே சொல்லுங்கள், கடலோரக் காவலிடமோ உயிர்காப்பாளரிடமோ பதியுங்கள். நேரம், ஆழம், நீரின் தெளிவு, எந்தத் திசையில் போனது, முதுகுத் துடுப்பின் பின்விளிம்பு எப்படி இருந்தது என்றெல்லாம் எழுதுங்கள். அந்த விளிம்பின் வெட்டுகளை வைத்துத்தான் ஆய்வாளர்கள் ஒவ்வொரு சுறாவையும் தனித்தனியே அடையாளம் காண்கிறார்கள், உங்கள் மங்கலான படம்கூட உதவும். நீளத்தை எழுதும்போது மட்டும் கவனம். முகமூடி வழியாக நீருக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். கண்ணுக்குத் தெரிந்ததில் கால் பங்கைக் கழித்துவிட்டு எழுதுங்கள். பயத்துக்கு இன்னும் கொஞ்சம்கூடக் கழிக்கலாம்.